பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறேன்: எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பந்தல் தோட்டம் (ஞாயிறு இரவு)

வணக்கம். ஒட்டன்சத்திரத்திலிருந்து சற்றுத் தள்ளி மூன்றரை ஏக்கரில் முருங்கையும் புடலையும் வைத்திருக்கிறேன். இதுவரை காய் எடுக்க வாடகை வண்டிதான். பறிப்பு நாளில் வண்டி தாமதமாகிவிட்டால் சந்தையில் நல்ல விலை போய்விடுகிறது. போன மாதம் மட்டும் இரண்டு முறை பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வந்தேன். சொந்தமாகப் பழைய பிக்கப் ஒன்று வாங்கிவிடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

கையில் நான்கு லட்சம் இருக்கிறது. நகையை அடகு வைத்தால் இன்னும் ஒரு லட்சம் புரட்டலாம். ஆனால் அதைத் தொட மனமில்லை. தரகர் ஒருவர் ஒரு வண்டியின் படங்களை அனுப்பியிருக்கிறார். 2018 மாடல், புகைக் கட்டுப்பாட்டு விதியில் பி.எஸ்.4, தூத்துக்குடிப் பதிவு, மீட்டரில் 92,000 கிலோமீட்டர். "ஒரே கையில் இருந்த வண்டி" என்கிறார். விலை 4,35,000. படத்தில் பளபளவென்று இருக்கிறது. வரும் ஞாயிறு நேரில் பார்க்கப் போகிறேன். எனக்கு டிராக்டர் தெரியும், காமன் ரெயில் டீசல் தெரியாது. எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரவு லோடு

தம்பி, நான் இருபத்தொரு ஆண்டுகளாக லோடு வண்டி ஓட்டுகிறேன். சொந்தமாக நான்கு வண்டி வாங்கி விற்றிருக்கிறேன். மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். இந்த வண்டி என்ன சுமந்தது என்பதை முதலில் கேளுங்கள். மீட்டரைத் திருத்த ஒரு மணி நேரம் போதும். சுமந்த சுமையின் அடையாளத்தை அழிக்க முடியாது.

தண்ணீர் கேன் வண்டி என்றால், இருபது லிட்டர் கேன் அறுபது ஏற்றினாலே 1,200 கிலோ. அதோடு தெருவுக்குத் தெரு நிறுத்தி நிறுத்தி எடுத்திருப்பார்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும், ஆனால் கிளட்ச், ஸ்டார்ட்டர், முதல் கியர், ஓட்டுநர் கதவின் கீல் எல்லாம் மூன்று லட்சம் ஓடிய வண்டி போல இருக்கும். செங்கல் வண்டி என்றால் ஒரு கல் ஏறத்தாழ மூன்று கிலோ. ஐந்நூறு கல் ஏற்றினால் ஒன்றரை டன். ஆயிரம் கல்லை ஏற்றி ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பின் அச்சில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டையை எண்ணிப் பாருங்கள். கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒன்றோ இரண்டோ சேர்த்திருந்தால் அந்த வண்டி எதற்கு உழைத்தது என்பது தெரிந்துவிடும். பட்டை தாங்கியிருக்கலாம், ஆனால் வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸும் பின் அச்சும் அந்தப் பாரத்தை வாங்கித்தான் ஆக வேண்டும்.

பால் வண்டி நிறைய ஓடியிருக்கும். ஆனாலும் எனக்குப் பிடிக்கும். பால் காத்திருக்காது என்பதால் உரிமையாளர் நேரத்துக்கு ஆயில் மாற்றுவார். பின்பெட்டியின் தரை மட்டும் புளித்த பாலில் அரித்திருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடிப் பதிவு என்று சொல்கிறீர்கள். மீன் ஏற்றிய வண்டியா என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் சொல்லும்போது தரகரின் முகத்தைப் பாருங்கள்.

கரூர்ப் பட்டறை

இரவு லோடு அண்ணன் சொன்னதை வழிமொழிகிறேன். இன்ஜின் பக்கத்தை நான் சொல்கிறேன்.

போவதற்கு முந்தைய இரவே அழைத்து, "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக இன்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரு டீசல் இன்ஜின் தன் நோயைக் காட்டுவது குளிர்ந்த நிலையில்தான். சூடேறிய பிறகு பாதி நோய் மறைந்துவிடும். இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தாலும் காத்திருங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியைத் திருப்பி மீட்டர் பலகையைப் பாருங்கள். இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியபோதே எரியவில்லை என்றால் நல்ல வண்டி என்று மகிழாதீர்கள். அதை யாரோ துண்டித்திருக்கலாம்.

ஸ்டார்ட்டர் சுற்றியதும் இரண்டு மூன்று நொடிகளில் பிடிக்க வேண்டும். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்க நேரமானால் ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாயில், அழுத்தம் ஏறவில்லை. காற்று இழுக்கலாம், டீசலை இன்ஜினுக்குள் பீச்சும் இன்ஜெக்டர்கள் தேய்ந்து டீசலைத் திருப்பி விடலாம், பம்ப்பே போயிருக்கலாம். முதல் காரணம் சில நூறு ரூபாயோடு போகும். கடைசிக் காரணம் உங்கள் ஒரு பறிப்பின் வருமானத்தை முழுசாக விழுங்கும்.

புகையைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்த உடனே கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து சில நொடிகளில் நின்றால் பரவாயில்லை. சூடான பிறகும் வெள்ளை நிற்காமல் வந்து, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) குறைந்தால், இன்ஜினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கும். அழுத்தி மிதிக்கும்போது கரும்புகை கட்டிக்கொண்டு வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. காற்று வடிகட்டி அடைப்பாகவும் இருக்கலாம், டர்போ குழாயில் விரிசலாகவும் இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம்.

இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் இயல்பு. துள்ளி விழுந்தாலோ, துளையிலிருந்து ரயில் போலப் புகை தள்ளினாலோ, எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அந்த வண்டிக்கு இன்ஜின் வேலை வரப்போகிறது. விலை பேசுவதற்கு அங்கே இடமே இல்லை.

இன்னொன்று யாரும் செய்வதில்லை. டீசல் வடிகட்டியின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். உரிமையாளரின் அனுமதியோடு அதைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால் பாகம் பிடியுங்கள். ஐந்து நிமிடம் வெயிலில் வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் நின்றால் பராமரிப்பு போதாது. வெள்ளித் தூள் போல மினுமினுத்தால் உயர் அழுத்த பம்ப் உள்ளே தேய்கிறது. அந்தத் தூள் இன்ஜெக்டர்களையும் தின்றிருக்கும். அப்படி மினுமினுத்த வண்டியை என் தம்பி வாங்க வந்திருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன்.

புது ஓட்டம்

இவ்வளவு வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்துப் பாருங்கள், ஆயில் கறுப்பாக இருந்தால் இன்ஜின் சரியில்லை, விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் பி.எஸ்.4 பக்கமே போகக் கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டியாக வாங்குங்கள். புகை குறைவு, வயதும் குறைவு.

கரூர்ப் பட்டறை

ஆயில் பற்றிச் சொன்னது தவறு, யாரும் அதை நம்பி நல்ல வண்டியை விட்டுவிட வேண்டாம். டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றி நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடினாலே கறுத்துவிடும். கரியைப் பிடித்து வைப்பதுதான் அந்த ஆயிலின் வேலை. தேன் நிறத்தில் ஆயில் இருந்தால்தான் நான் கேள்வி கேட்பேன்: நேற்று எதற்காக மாற்றினீர்கள்? பார்க்க வேண்டியவை இரண்டு. ஆயில் பால் காப்பி நிறத்தில் கலங்கியிருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. அளவுகோட்டைத் தாண்டி மேலே நின்று, நுகர்ந்தால் டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது.

பி.எஸ்.6 பற்றி. வயது குறைவு என்பது உண்மை. ஆனால் அந்த வண்டிகளின் புகைக்குழாயில் கரிவடிகட்டி வைத்திருந்தால், அதில் சேரும் கரி எரிய நல்ல சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு தானாகக் கிடைக்கும். தோட்டத்திலிருந்து சந்தைக்குப் பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர், அங்கே நிறுத்தம், மறுபடி வீடு என்று ஓடினால் கரி எரியாமல் அடைக்கும். சில மாடல்களில் யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். நான் பி.எஸ்.6 வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தத் தம்பியின் ஓட்டத்துக்கும் கைப்பணத்துக்கும் நன்றாகப் பராமரித்த பி.எஸ்.4 பொருந்தும் என்கிறேன்.

முன்னாள் வசூல்

வாகனக் கடன் தரும் நிறுவனம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். இன்ஜின் கெட்டால் பணம் போகும். காகிதம் கெட்டால் பணமும் போகும், வண்டியும் போகும், நிம்மதியும் போகும். எனவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பதிவு எண்ணை அரசின் பரிவாகன் செயலியில் போடுங்கள். எத்தனையாவது உரிமையாளர், தகுதிச் சான்று எதுவரை, காப்பீடு எதுவரை, வரி எதுவரை, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் நிற்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். அபராதச் சீட்டுகளைத் தனியாகப் பாருங்கள். சரக்கு வண்டிக்குக் கூடுதல் பாரத்துக்காகப் போட்ட அபராதம் நிலுவையில் இருந்தால், இரவு லோடு அண்ணன் கேட்கச் சொன்ன கேள்விக்கு அரசே பதில் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடன் முடிந்துவிட்டது என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் ஏற்காதீர்கள். நிறுவனம் முத்திரையிட்ட படிவம் 35-உம் தடையின்மைச் சான்றும் அசலாகக் கையில் வர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவதானால் படிவம் 28. இவற்றில் நிரப்பாத தாளில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று தரகர் கை மாறிய வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பதிவுச் சான்றில் பெயர் உள்ளவரை நேரில் பார்க்காமல் முன்பணம் ஐயாயிரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

விற்பவரும் இதைப் படித்தால் நல்லது. விபத்து வழக்கில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டியை விற்றுப் பல கை மாறிய பிறகும் முதல் உரிமையாளரையே அது பொறுப்பாக்கியது. இதைச் சொன்னால் நேர்மையான விற்பனையாளர் தானே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு உங்களோடு வருவார்.

காப்பீட்டுத் தாளில் ஒரு துப்பு இருக்கிறது. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி படிப்படியாக ஏறி 50 விழுக்காடு வரை போகும். ஒரே கையில் ஏழு ஆண்டுகள் இருந்த வண்டிக்கு அந்தத் தள்ளுபடி சுழியமாக இருந்தால், அண்மையில் இழப்பீடு வாங்கியிருக்கிறார்கள் அல்லது காப்பீடு இடையில் அறுந்திருக்கிறது. எதுவானாலும் கேளுங்கள். அந்தத் தள்ளுபடி உரிமையாளருக்கு உரியது, வண்டியோடு உங்களுக்கு வராது.

வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு அனுமதிச்சீட்டு (பர்மிட்) தேவையில்லை. பதிவுச் சான்றில் எழுதியுள்ள மொத்த எடையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மஞ்சள் பலகை வண்டிக்குத் தனி ஓட்டுநர் உரிமம் வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். இலகுரக வாகன உரிமம் இருந்தால் 7,500 கிலோ வரை ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே உறுதி செய்திருக்கிறது.

நாற்றங்கால்

தம்பி, நான் மரக்கன்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு அது நேரக் கூடாது. நான் வாங்கிய வண்டி வெள்ளத்தில் நின்றது. விற்ற இடத்தில் யாரும் சொல்லவில்லை. இன்ஜின் அருமையாக ஓடியது. இரண்டாம் மாதத்திலிருந்து ஒரு நாள் முகப்பு விளக்கு எரியாது, ஒரு நாள் ஸ்டார்ட் ஆகாது, ஒரு நாள் நடுவழியில் நிற்கும். கன்று ஏற்றிக்கொண்டு வெயிலில் நின்ற நாட்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஒயரிங் முழுவதும் மாற்றிய பிறகுதான் ஓய்ந்தது.

அப்போது யாராவது இதைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன்: இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக் கோடு அங்கே அப்படியே நிற்கும். இருக்கையைத் தரையோடு பிணைத்த போல்ட்டில் துரு இருக்கிறதா, பியூஸ் பெட்டியின் மூலையில் வண்டல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

முத்துநகர்

தூத்துக்குடிக்காரன் பேசுகிறேன். நாற்றங்கால் அக்கா சொன்னதைத் தம்பி கட்டாயம் செய்ய வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இங்கே என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. எத்தனையோ வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன.

மீன் வண்டி, உப்பு வண்டி இரண்டும் எங்கள் ஊரில் அதிகம். பனிக்கட்டி உருகி உப்பு நீராகப் பின்பெட்டியின் ஓட்டைகள் வழியே ஓடும். அது விழும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான்: பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் கொக்கி, பிரேக் குழாய், சேஸிஸின் கடைசி இரண்டு அடி. முன்பக்கம் பளபளக்கும், பின்பக்கம் உள்ளுக்குள் அப்பளமாகியிருக்கும். சின்னச் சுத்தியல் ஒன்று எடுத்துப்போய்ச் சேஸிஸை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரித்த இடம் மண்சுவரைத் தட்டியது போலச் சொதசொதக்கும்.

எங்கள் ஊர் வண்டி எல்லாமே இப்படி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்நாட்டுப் பக்கம் பருத்தியும் மளிகையும் ஏற்றிய நல்ல வண்டிகளும் இருக்கின்றன.

பந்தல் தோட்டம் (அடுத்த ஞாயிறு இரவு)

போய்ப் பார்த்துவிட்டு இப்போதுதான் வீடு வந்தேன். நீங்கள் எல்லோரும் என்னோடு வந்தது போலவே இருந்தது.

காலை ஏழு மணிக்குப் போய்விட்டேன். இன்ஜின் குளிர்ந்துதான் இருந்தது. மூன்று நொடியில் பிடித்தது. புகை இல்லை. மூடி லேசாக ஆடியது, விழவில்லை. எனக்கு அப்போதே பணத்தைக் கொடுத்துவிடலாம் போலத்தான் இருந்தது. இருக்கைப் பட்டையை இழுத்தேன், சுத்தமாக இருந்தது. வெள்ள வண்டி இல்லை.

பிறகு என்ன சுமந்தது என்று கேட்டேன். "எல்லாம்தான், பெரும்பாலும் மளிகை" என்றார் தரகர். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். சேஸிஸ் முழுவதும் புதுக் கறுப்புச் சாயம். படத்தில் அதைப் பார்த்துத்தான் நல்ல வண்டி என்று நினைத்திருந்தேன். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். கேபினுக்குக் கீழே கணீரென்றது. பின் அச்சைத் தாண்டியதும் ஓசை மாறிவிட்டது. வலப்பக்கக் கொக்கிக்கு அருகில் தட்டியபோது சாயம் தகடு தகடாக விழுந்தது, உள்ளே துரு அடுக்கடுக்காக இருந்தது. அந்தக் கொக்கிக்கு மேலே ஒரு அடி நீளத்துக்கு வெல்டிங் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். பின்பெட்டித் தரையின் மடிப்பில் கத்தியை விட்டுக் கிளறினேன். காய்ந்த மீன் செதில் நான்கைந்து வந்தது. கையில் வைத்துத் தரகரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மூன்று எண்பதுக்கு முடித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

ஐம்பத்தைந்தாயிரம் குறைகிறதே என்று ஒரு கணம் மனம் ஆடியது உண்மை. வாங்கி, பின்பக்கத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாமா? கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கரூர்ப் பட்டறை

வேண்டாம் தம்பி. இன்ஜினை மாற்றலாம், கிளட்சை மாற்றலாம், பின் அச்சுப் பல்சக்கரமான கிரவுன் பினியனைக்கூட மாற்றலாம். மற்ற எல்லாவற்றையும் தாங்குவது சேஸிஸ். ஸ்பிரிங் கொக்கி நிற்கும் இடத்தில் துருவின் மேல் வைத்த வெல்டிங், பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது பிடிக்காது. கொக்கி பெயர்ந்தால் பின் அச்சு ஒரு பக்கம் நகரும், வண்டி உங்கள் சொல் கேட்காது. பிரேக் குழாயும் அதே உப்பில் நனைந்ததுதான். உங்களுக்குக் குழந்தைகள் இருப்பார்கள். மூன்று லட்சத்துக்குத் தந்தாலும் தொடாதீர்கள்.

இரவு லோடு

தம்பி அடியில் படுத்துப் பார்த்ததே பெரிய காரியம். பத்தில் எட்டுப் பேர் வேட்டியில் அழுக்குப் படும் என்று குனிந்து மட்டும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். 2005-இல் குட்டி யானை என்னும் டாடா ஏஸ் வந்ததிலிருந்தும் 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வரத் தொடங்கியதிலிருந்தும் ஊருக்கு ஊர் சின்ன லோடு வண்டிகள் பெருகிவிட்டன. விற்பனைக்கு வண்டி வந்துகொண்டேதான் இருக்கும். கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலும் இலேசான சுமை ஏற்றிய வண்டியாகத் தேடுங்கள்.

பந்தல் தோட்டம் (பன்னிரண்டு நாட்கள் கழித்து)

நீங்கள் சொன்னபடியே ஒன்று கிடைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். போடிநாயக்கனூரில் இலவம்பஞ்சு மெத்தை, தலையணை செய்பவர் விற்கிறார். தொழிலை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கப் போகிறாராம். 2017 மாடல், பி.எஸ்.4, அவரே முதல் உரிமையாளர். மீட்டரில் 1,71,000. அதைக் கேட்டதும் வீட்டில் தயங்கினார்கள். நான் தயங்கவில்லை. வண்டி நிறைய மெத்தை ஏற்றினாலும் முந்நூறு நானூறு கிலோ தாண்டாது என்று அவரே சொன்னார். ஸ்பிரிங் பட்டை கம்பெனி எண்ணிக்கைதான், ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. சேஸிஸில் பழைய சாயம், அதன் மேல் பழைய புழுதி. தட்டிய இடமெல்லாம் கணீரென்றது. டயர் நான்கிலும் உற்பத்திக் குறி ஒரே ஆண்டைக் காட்டுகிறது, தேய்மானமும் சீராக இருக்கிறது.

குறைகளையும் சொல்கிறேன். காலையில் பிடிக்க ஐந்தாறு நொடி ஆகிறது. மூன்றாம் கியரில் அழுத்தினால் இன்ஜின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை. ஏற்றத்தில் வெப்பமுள் நடுவைத் தாண்டி ஏறுகிறது. கேட்கும் விலை 4,40,000. எட்டு ஆண்டு முடிந்துவிட்டதால் இனி ஆண்டுதோறும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

கரூர்ப் பட்டறை

இது பார்க்க வேண்டிய வண்டி. மூன்று குறையையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

உறுமுவது கிளட்ச். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு மூன்றாம் கியரில் மெதுவாகக் கிளட்சை விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே அணையும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது. ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். அது மாற்றக்கூடிய செலவு, விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

தாமதமாகப் பிடிப்பதற்கு இன்ஜெக்டர் ரிட்டன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு குழாயிலும் சின்னப் பாட்டில் மாட்டி, இன்ஜினை ஓரிரு நிமிடம் ஓட விட்டு, எதில் எவ்வளவு டீசல் சேர்ந்தது என்று ஒப்பிடுவார்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு என்றால் இன்ஜெக்டர் நலம், வேறு இடத்தில் தேடலாம். ஒன்று மட்டும் இரண்டு மடங்கு என்றால் அந்த ஒன்றைச் சீர்செய்தால் போதும். எல்லாமே பொங்கினால் விலகிவிடுங்கள்.

வெப்பம்தான் என் கவலை. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே, சூடேறும் முன்பே, ரேடியேட்டர் மேல்குழாய் கல் போல இறுகும், கூலன்ட் தொட்டியில் குமிழ் வரும். அதைப் பாருங்கள். கூடவே ரேடியேட்டரின் முகத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். இவர் ஏற்றியது பஞ்சு என்கிறீர்களே.

பந்தல் தோட்டம் (மூன்று நாட்கள் கழித்து)

ஐயா, நீங்கள் வண்டியைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டீர்கள். ரேடியேட்டரின் தகட்டு இடுக்கு முழுவதும் பஞ்சும் ஆயிலும் சேர்ந்து கம்பளி போல அடைத்திருக்கிறது. காற்று வடிகட்டியும் அப்படித்தான். மேல்குழாய் இறுகவில்லை, தொட்டியில் குமிழ் இல்லை. ரிட்டன் சோதனையில் மூன்று பாட்டில்களில் ஒரே அளவு, நான்காவதில் மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சோதித்த பட்டறைக்காரரிடமே கிளட்சுக்கும் அந்த ஒரு இன்ஜெக்டருக்கும் ஆகும் செலவை எழுதி வாங்கிப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "நியாயம்தான்" என்று 3,95,000-க்கு ஒத்துக்கொண்டார். நகையைத் தொட வேண்டியதில்லை.

போக்குவரத்து அலுவலகத்துக்குப் பெரியவரே வந்து கையெழுத்திட்டார். கடன் 2021-லேயே முடிந்து பதிவுச் சான்றில் நீக்கப்பட்டிருந்தது. காப்பீட்டை என் பெயருக்கு மாற்றவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். முன்னாள் வசூல் அண்ணனுக்கு நன்றி.

முன்னாள் வசூல்

புதுப் பதிவுச் சான்று கைக்கு வரும்வரை மனுவின் ஒப்புகைச் சீட்டை வண்டியிலேயே வையுங்கள். பெரியவருக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள், அவருக்கும் அது பாதுகாப்பு.

நாற்றங்கால்

வாழ்த்துகள் தம்பி. நான் ஏமாந்த கதை உங்களுக்காவது பயன்பட்டதே. மனம் நிறைந்திருக்கிறது.

பந்தல் தோட்டம் (பத்து நாட்கள் கழித்து)

கிளட்ச் மாற்றியாகிவிட்டது, இன்ஜெக்டரும் சரிசெய்தாகிவிட்டது. இப்போது இரண்டு நொடியில் பிடிக்கிறது. நேற்று ஒரு டன் முருங்கையோடு சந்தைக்குப் போனேன். முதல் ஆளாக இறக்கினேன். திரும்பும்போது வெறும் வண்டியாக வடகாடு வழியே பாச்சலூர் மலைப்பாதையில் பாதி தூரம் ஏற்றிப் பார்த்தேன். பட்டறையில் ரேடியேட்டரைத் தண்ணீர் அடித்துக் கழுவியும் முள் இன்னும் நடுக்கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. முன்பு போல ஏறவில்லை. இது போதுமா, இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா ஐயா?

கரூர்ப் பட்டறை

முன்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்திருப்பார்கள், பஞ்சு இன்னும் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். ரேடியேட்டரைக் கழற்றி இறக்கச் சொல்லுங்கள். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, தகடு மடங்காத அளவுக்கு இலேசான அழுத்தத்தில் காற்று அடிக்க வேண்டும். டர்போக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருந்தால் அதையும் அப்படியே செய்யுங்கள். கூலன்ட்டை முழுவதும் வடித்துப் புதிதாக ஊற்றுங்கள், வெறும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். அதற்குப் பிறகு சுமையோடு அதே மலைப்பாதையில் ஏற்றிப் பார்த்துவிட்டு முள் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள்.